எடை திரும்பினால் யார் குற்றம்?

உடல் பருமனுக்கு அறுவைச் சிகிச்சை வீண் என்பவர்கள் ஸ்வீடன் ஆய்வைப் பார்க்க வேண்டும். 1987-இல் தொடங்கிய அதில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சராசரியாக 32 விழுக்காடு எடை இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 விழுக்காடாகச் சுருங்கியது. இரைப்பையைச் சுற்றிப் பட்டை பொருத்திக்கொண்டவர்களுக்கு 20 என்பது 14 ஆயிற்று. ஓரளவு எடை திரும்புவது இயல்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அறுவை செய்துகொள்ளாதவர்களின் சராசரி எடையோ ஏறக்குறைய அப்படியே நின்றது. இறப்பும் அறுவைக் குழுவில்தான் குறைவு. இந்தச் சிகிச்சையின் வலுவைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

குறை, பிந்தைய கவனிப்பில் இருக்கிறது. எடை ஏறியதும் 'வாயைக் கட்டவில்லை' என்று நோயாளிமேல் பழி விழுகிறது. ஓயாத நொறுக்குத்தீனிக்கும் இனிப்புப் பானத்துக்கும் மதுவுக்கும் இதில் பங்கு உண்டுதான். ஆனால் ஸ்லீவ் முறையில் குழாய்போல் ஆக்கிய இரைப்பை நாளடைவில் விரியலாம். பைபாஸில் இரைப்பையும் குடலும் சேரும் வாய் அகலலாம். எடை குறைந்த உடல் ஆற்றலைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது. இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் எடையை ஏற்றும். இவற்றையெல்லாம் ஆராயாமல் ஒழுக்கக் குறைவு என்று முத்திரை குத்தினால், அவர் கூசிப்போய் மருத்துவமனைப் பக்கமே வரமாட்டார். அறுவைக்குப் பின் வரக்கூடிய வைட்டமின் பி12, இரும்புச்சத்துக் குறைபாடுகளும் அதோடு கவனிப்பாரின்றிப் போகும்.

அளவுகோலும் ஒன்றாக இல்லை. இத்தனை கிலோ ஏறினால் தோல்வி என்கிறது ஒரு வரையறை. இழந்ததில் இத்தனை விழுக்காடு திரும்பினால் என்கிறது இன்னொன்று. ஒருவரே ஒன்றில் தேறி மற்றொன்றில் தவறுகிறார். தொடக்கத்திலிருந்தே எடை சரிவரக் குறையாதவரையும் குறைந்து ஏறியவரையும் ஒரே கணக்கில் சேர்ப்பது பெரும்பிழை. காரணங்கள் வேறாக இருக்கலாம்.

மறு அறுவைக்கு அவசரப்படுவதும் சரியல்ல. சிக்கல்கள் முதல்முறையைவிடக் கூடுதல். லண்டனில் நடந்து 2023-இல் வெளியான ஒரு சோதனையில், அறுவைக்குப் பின் போதிய அளவு எடை குறையாத 70 பேர் இருந்தார்கள். லிராகுளூடைடு என்னும் எடைக்குறைப்பு மருந்தை ஊசியாகப் போட்டுக்கொண்டவர்களுக்கு 24 வாரங்களில் சராசரியாக 8.8 விழுக்காடு குறைந்தது. மருந்தில்லாத ஊசி பெற்றவர்களுக்கு 0.5தான். சிறிய சோதனை, குறுகிய காலம். என்றாலும் கத்திக்கு முன் மருந்தை யோசிக்க இது போதுமான காரணம்.

அறுவைக்குச் சம்மதிக்குமுன், ஐந்தாம் ஆண்டில் தங்களை யார் கவனிப்பார்கள் என்று கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.