பால்யத்தைக் கதையாக்கும்போது

பாமாவின் தன்வரலாறான ‘கருக்கு’ (1992) படித்தவர்கள் எண்ணெய்க் கறை படிந்த அந்தப் பொட்டலத்தை மறந்திருக்க மாட்டார்கள். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளி விட்டு, கடைத்தெருவை வேடிக்கை பார்த்தபடி வீடு திரும்புகிறாள். அவள் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல், கட்டியிருக்கும் கயிற்றை மட்டும் பிடித்துத் தூக்கிவந்து மேல்சாதி நாயக்கரிடம் பணிவாக நீட்டுகிறார். சிறுமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை, காரணத்தைச் சொல்கிறான்.

பால்ய நினைவுக்கு இலக்கிய உத்தி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன். அந்தக் கயிற்றின் பொருள் எழுதுகிறவருக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அதைச் சிறுமியின் சிரிப்புக்குப் பின்னால் நிறுத்திவைக்கிறார். வாசகரும் அவளோடு சேர்ந்து சிரிக்கத் தொடங்கி, அவளோடு சேர்ந்தே அடிபடுகிறார். தீண்டாமையைப் பற்றிப் பத்துப் பக்கம் விளக்கியிருந்தாலும் இந்த அடி விழுந்திருக்காது.

உத்தியே வேண்டாம் என்பவர்கள் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தைச் சொல்வார்கள். 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கிய அந்த நூல், மகனின் படிப்புக்காக ஊர் ஊராக இடம்பெயர்ந்த குடும்பத்தை வரிசை மாறாமல் சொல்லிச் செல்கிறது. அதன் நிதானத்தை நம்பலாம். ஆனால் அந்தப் பையனின் மனத்துக்குள் நுழைய அதில் வழி குறைவு.

சிக்கல் உத்தியின் மறுபக்கத்தில் இருக்கிறது. ஐம்பது வயதுக்காரர் தமது ஆறாம் வயதில் நடந்த உரையாடலை மேற்கோள் குறிக்குள் முழுசாகத் தருகிறார். யாருக்கு அப்படி நினைவிருக்கும்? 1995இல் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ், 24 பேரிடம் அவர்கள் சிறுவயதில் வணிக வளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய்ச் சம்பவத்தைக் குடும்பத்தார் சொன்னதாகவே கொடுத்துப் பார்த்தார். ஏறத்தாழ கால்வாசிப் பேர் அதை முழுதாகவோ கொஞ்சமாகவோ நினைவுகூர்ந்தார்கள். வீட்டில் பாட்டி திரும்பத் திரும்பச் சொன்னது நம் கண் பார்த்ததாகிவிடும். அதற்கு மேல் எழுத்துத் திறமையும் சேர்ந்தால், சந்தேகத்துக்கு இடமிருந்த தடமே அழிந்துவிடுகிறது.

இதைவிட என்னை வருத்துவது அம்மாக்களின் கதி. நம் பத்திரிகைகளின் பால்யக் கட்டுரைகளில் அம்மா பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு, பசிக்கவில்லை என்று சொல்லித் தண்ணீர் குடித்துப் படுப்பாள். அரிக்கேன் விளக்கு எரியும், கடைசி வரியில் கண் கலங்கும். அவள் யார்மீது கோபப்பட்டாள், எந்தப் பிள்ளைக்குக் கூட ஒரு அகப்பை போட்டாள், வீட்டை விட்டுப் போய்விட நினைத்தாளா என்பதற்கெல்லாம் இடமே இல்லை. பசி அழகான காட்சியாகிவிடுகிறது. அந்தப் பசிக்குக் காரணமான கூலியும் கடனும் சாதியும் கதைக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

நாவல் என்று பெயரிட்டுத் தப்பலாமா? ராஜ் கௌதமன் ‘சிலுவைராஜ் சரித்திர’த்தில் (2002) தம் வாழ்வைச் சிலுவை என்ற பையனுக்குக் கொடுத்துவிட்டு, தள்ளி நின்று அவனைக் கேலியும் செய்கிறார். அ.முத்துலிங்கம் ‘உண்மை கலந்த நாட்குறிப்புகள்’ என்று தலைப்பிலேயே கலப்பை ஒப்புக்கொள்கிறார். இரண்டும் நேர்மையான வழிகள். உயிரோடிருக்கும் உறவினர்களுக்கு அவை ஒரு மறைப்பையும் தருகின்றன. ஆனால் நாவல் என்ற பெயர் வாசகருக்கும் ஒரு பின்கதவைத் திறந்துவிடுகிறது: பொட்டலத்தைத் தூக்கிவந்த பெரியவரைக் கற்பனைப் பாத்திரம் என்று சொல்லி வாசகர் நிம்மதியாக வெளியேறலாம். அவமானத்தை எழுதுகிறவர்கள் அந்தக் கதவைத் திறக்க யோசிக்கத்தான் வேண்டும். தன்வரலாறு என்றே எழுதட்டும். நினைவிலில்லாத பேச்சை மேற்கோள் குறிக்குள் போடாமல் தங்கள் சொற்களில் சொல்லட்டும். மறந்துபோன இடத்தில் மறந்துவிட்டது என்றே எழுதட்டும்.