பேட்டரி செத்தாலும் க்ளிக்!

'சர்க்யூட் போச்சு சார். ஸ்பேர் எங்கயும் கிடைக்காது. ஷோகேஸ்ல வெச்சிருங்க' என்றார் எழுபது வயது மெக்கானிக். ஆட்டோமேட்டிக் என்று பெருமையாக வாங்கிய ஃபிலிம் கேமரா. சர்க்யூட் செத்ததும் ஷட்டரும் சேர்ந்து செத்துவிட்டது.

அவர் மேஜையில் ஒரு பென்டாக்ஸ் கே1000 திறந்து கிடந்தது. 1976-ல் வந்து 1997 வரை தயாரான மாடல். செல்ஃப் டைமர்கூடக் கிடையாது. மீட்டருக்கு ஸ்விட்ச் இல்லை. லென்ஸ் மூடியைப் போட மறந்தால் பேட்டரி காலி. ஆனாலும் கவலையில்லை. பேட்டரி வெளிச்சத்தை அளக்க மட்டும்தான். ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கும் பல்சக்கரமும். பேட்டரியே இல்லாமல் ஆயிரத்தில் ஒரு செகண்ட் வரை எடுக்கலாம். வருகிற வியாதிகளும் பெரும்பாலும் சாதாரணம். கிரீஸ் இறுகி ஸ்லோ ஸ்பீடு இழுக்கும். வெளிச்சம் புகாமல் ஒட்டிய ஸ்பாஞ்ச் பிசுபிசுக்கும். சுத்தம் செய்து, ஸ்பாஞ்சை மாற்றினால் எழுந்துவிடும்.

விமர்சனம் எழுதுகிற நாம் வசதிகளுக்குத்தான் மார்க் போடுகிறோம். கெட்டால் சரிபண்ண முடியுமா என்று கேட்பதில்லை. பி.காமில் தேய்மானம் படித்த எனக்கே இது லேட்டாகத்தான் புரிந்தது. கே1000-க்கு ஃபர்ஸ்ட் கிளாஸ். என் கேமரா ஃபெயில்.

தூக்கிப் போடவில்லை. அப்பாவின் கடைசிப் போட்டோ அதில்தான் எடுத்தேன்.