கேட்கப்படாதவர்கள்

சமூக ஆய்வு என்பது மக்களிடம் சென்று கேட்டறிதல். இன்றோ ஆய்வாளர் பலர் மக்களிடம் செல்வதில்லை. முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு வினாக்கொத்தை விட்டுவிட்டு, மக்கள் தம்மிடம் வருவதற்குக் காத்திருக்கின்றனர். வந்தவர் தொகை சற்றுப் பெருகியதும் 'நாட்டு மக்களின் கருத்து' என்று முடிவுரை எழுதிவிடுகின்றனர். இத்தகைய படிவங்கள் எமக்கும் அடிக்கடி வருவதுண்டு. அவற்றை அனுப்புவோர் எமது பழைய மாணவர்; நிரப்புவோரும் பெரும்பாலும் அவர்தம் நண்பரே. இவ்வட்டத்துள் பட்டதாரிகள் உண்டு, எழுதுவினைஞர் உண்டு. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் இல்லை.

தொகை பெருகினால் உண்மை தானே வெளிப்படும் என்னும் மயக்கம் புதியதன்று. 1936 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் ஏடு ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டு அனுப்பிற்று. முகவரிகளிற் பெரும்பகுதி தொலைபேசிப் பட்டியலிலும் மோட்டார்க் கார்ப் பதிவேட்டிலும் எடுக்கப்பட்டவை. திரும்பி வந்த 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளை எண்ணி, ஜனாதிபதித் தேர்தலில் லாண்டன் வெல்வார் என அவ்வேடு அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களுள் 46 இல் வென்றார். வேலையில்லாத் திண்டாட்டம் மலிந்த அந்நாளில் தொலைபேசி யார் வீட்டில் இருந்தது என்பதையும், சீட்டைத் திருப்பி அனுப்பாதவர் யார் என்பதையும் ஏட்டினர் சிந்தித்தாரில்லை.

அதே பிழை அண்மையில் மீண்டும் நேர்ந்தது. கொரோனாக் காலத்தில் கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தார் முகநூல் நிறுவனத்துடன் சேர்ந்து நடத்திய ஆய்வில் வாரந்தோறும் ஏறத்தாழ 2,50,000 அமெரிக்கர் விடையளித்தனர். அழைப்பைப் பெற்றோருள் இவர்கள் மிகச் சிறு தொகையினரே. 2021 மே மாதத்தில், வயது வந்தோருள் தடுப்பூசி ஏற்றிக்கொண்டவர் எத்தனை வீதம் என்பதை, அரசாங்கக் கணக்கைக் காட்டிலும் 17 சதவீதப் புள்ளிகள் கூட்டி அவ்வாய்வு காட்டிற்று. வாரம் ஏறத்தாழ 1,000 பேரை மட்டுமே வினவிய வேறோர் ஆய்வு உண்மையை அண்மித்து நின்றது. அதுவும் இணையத்தின் வழியே நிகழ்ந்ததுதான். ஆனால் ஆட்களை அது வீட்டு முகவரி கொண்டு தெரிந்தெடுத்தது. இணைய வசதி அற்றோருக்கு அவ்வசதியைத் தானே கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. இவ்வேறுபாட்டை 2021 டிசம்பரில் 'நேச்சர்' இதழ்க் கட்டுரையொன்று விரிவாக எடுத்துக்காட்டியது.

காரணம் யாது? நோயைப் பற்றி வினவுகையில் விரும்பி விடையளிப்பவர், தடுப்பூசியையும் விரும்பி ஏற்பவராயிருத்தல் இயல்பு. முகநூல் ஆய்வினர் வயதையும் பாலையும் கொண்டு கணக்கைச் சீர்செய்தனர். கல்வித்தரத்தைக் கொண்டு சீர்செய்யவில்லை. பிழை முழுவதும் இதனாலேயே விளைந்ததென்று கூறுவதற்கில்லை. எனினும் கல்வி குன்றியோர் குரல் குன்றியே ஒலித்தது. பெருந்தொகையின் கேடு இதுவே: பிழையான விடையை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லும் துணிவை அது ஆய்வாளருக்கு அளித்துவிடுகிறது.

நிற்க. அறிமுகத்தின் வழி ஆள் திரட்டுதலை முற்றாக ஒதுக்குவது எமது நோக்கமன்று. அரிய நோயாளரும் மறைந்து வாழ நேர்ந்தோரும் எந்தப் பதிவேட்டிலும் அகப்படார். அத்தகையோருக்கென ஹெக்கதோர்ன் 1997 இல் வகுத்த முறையில், ஒருவர் குறித்த சிலரை மட்டுமே அழைக்கலாம். அவரை அறிந்தவர் எத்தனை பேர் என்பதும் கணக்கில் சேரும். அங்கே நட்பு அளக்கப்படுகிறது. எமக்கு வரும் படிவங்களிலோ அது வெறுமனே பயன்படுத்தப்படுகிறது.

பயன்படுத்தப்படுவதன் எல்லை எதுவரை செல்லும்? 2014 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விரிவுரையாளர் அலெக்சாந்தர் கோகன், முகநூற் கணக்கின்வழி புகுந்து விடையளிக்கும் ஆளுமை வினாக்கொத்தொன்றுக்குச் சிறுதொகை கொடுத்து ஆள் திரட்டினார். ஆய்வுத் தேவைக்கென்றே சொல்லப்பட்டது. ஏறத்தாழ 2,70,000 பேர் இணைந்தனர். அந்நாளில் முகநூல் அனுமதித்திருந்தவாறு, இணைந்தவரின் நண்பர்களுடைய விபரங்களும் கூடவே எடுக்கப்பட்டன. 8 கோடி 70 இலட்சம் பேர் வரை இதில் அகப்பட்டிருக்கலாமென 2018 இல் முகநூலே ஒப்புக்கொண்டது. விபரங்கள் போய்ச் சேர்ந்த இடம் கேம்பிரிட்ஜ் அனலிற்றிக்கா என்னும் தேர்தற் பிரசார நிறுவனம். அந்நண்பர்கள் எவ்வினாவுக்கும் விடையளித்தவரல்லர். அவர்களின் சம்மதத்தை எவரும் கேட்டதுமில்லை. பிரித்தானியத் தகவல் ஆணையாளர் முகநூலுக்கு 5 இலட்சம் பவுண் தண்டம் விதித்தார். அந்நிறுவனத்துக்கு அது சில்லறைக் காசு.