ஏற்றம் நின்ற பிறகு தொடங்கும் மலை

கல்வராயன் மலைக்குப் போகிறவர்களில் பலர் அருவியில் குளித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், அடிவாரத்தில் கோமுகி அணை, பிறகு கொண்டை ஊசி வளைவுகள், பெரியார் அருவி. அதோடு சரி. இந்த மலையை ரசிக்க விரும்பினால் அங்கே திரும்பாதீர்கள். கரியாலூர் வரை போங்கள். வெள்ளிமலையையும் பார்த்தால் இன்னும் நல்லது. சாலை ஏறுவதை விட்டுவிட்டுத் தரையோடு ஓடத் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்குங்கள்.

ஆங்கிலத்தில் 'பிளாட்டோ' என்று ஒரு வினைச்சொல் உண்டு. வளர்ந்துகொண்டே வந்தது ஒரு மட்டத்தோடு நின்றுபோனால் அப்படிச் சொல்வார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் எடை குறையாமல் நின்றுவிட்ட இளைஞர்கள் சலிப்போடு உச்சரிக்கும் சொல் அது. பிரெஞ்சில் தட்டையைக் குறிக்கும் 'பிளா'விலிருந்து பிறந்தது. அதற்கும் முன்னால் கிரேக்கத்தில், அகன்று விரிந்ததைச் சொல்லும் 'பிளாட்டிஸ்'. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது பீடபூமியைக் குறிக்கும் பெயர்ச்சொல். தேங்கி நிற்பதைச் சொல்லும் வினையானது 20ஆம் நூற்றாண்டில்தான். நிலத்தைப் பார்க்காமல் வரைபடக் கோட்டை மட்டும் பார்த்தவர்கள் அதை இப்படிச் சலிப்பின் சொல்லாக்கிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கல்வராயன் இரண்டு படியாக விரிந்த மலை. வடக்கே சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, தெற்கே பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. சிகரத்தைத் தேடும் கண்ணுக்கு இங்கே பெரிதாக எதுவும் அகப்படாது. பார்வையைத் தாழ்த்துங்கள். மலையாளிப் பழங்குடி மக்களின் சாமைக் கொல்லைகள், மரவள்ளி, இடையிடையே கடுக்காய் மரங்கள். இத்தனை உயரத்தில் உழவு நடப்பதே நிலம் சமமானதால்தான்.

அடுத்து ஓடையைக் கவனியுங்கள். செங்குத்தான சரிவில் விழும் மழை உடனே வழிந்தோடிவிடும். மேட்டுச் சமவெளியில் விழுந்தது மண்ணுக்குள் இறங்கி, சோலைக்காட்டு வேர்களுக்கிடையே தங்கி, மெல்லக் கசிகிறது. அந்தக் கசிவுகள் ஓடைகளாகக் கூடி விளிம்புக்கு வந்து விழும்போதுதான் நாம் அருவி என்கிறோம். மேலே அந்த நீர் நிதானமாக நகர்வதைப் பார்த்தவர்களுக்கு அருவியே வேறாகத் தெரியும். இங்கிருந்து இறங்கும் கோமுகி மணிமுக்தாவோடு சேர்ந்து வெள்ளாற்றில் கலக்கிறது.

மார்கழி, தை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்திருக்கும். ஓடையில் நீர் இருக்கும். கொல்லைக்குள் இறங்கும் முன் அங்கே வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இருட்டும் முன் வளைவுகளைத் தாண்டிக் கீழே வந்துவிடுங்கள்.