சிற்றிதழும் மதிப்புரையும்

கந்தபுராணம் அரங்கேறியபோது அதன் முதற் சொற்புணர்ச்சிக்கே அவையினர் தடை கூறினர் என்பதும், சோழநாட்டுப் புலவரொருவர் வீரசோழியத்தைக் காட்டி அத்தடையை நீக்கினார் என்பதும் நம்மவர் நன்கறிந்த ஐதிகமாகும். தடை எழுந்தமையால் நூலின் பெருமை குன்றவில்லை. அதன் இலக்கணமே விளக்கம் பெற்றது. அவ்வவையின் பணியை இக்காலத்தில் ஆற்ற வேண்டியது சிற்றிதழின் மதிப்புரைப் பக்கமாகும்.

சி. சு. செல்லப்பா 1959 இல் சென்னையில் 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது விமர்சனத்தையே முதன்மையாகக் கருதினார். ஆயினும் புதுக்கவிதை அவ்விதழிலேதான் வேரூன்றியது. 1962 இல் 'புதுக்குரல்கள்' என்னுந் தொகுப்பும் வெளிவந்தது. திருகோணமலையிற் பிறந்த தருமு சிவராமு அங்கே கவிஞராகவும் விமர்சகராகவும் ஒருங்கே வளர்ந்தார். இது தற்செயலன்று. மரபுச் செய்யுளில் ஓசை பிழைத்தால் யாப்பே அதனைக் காட்டிக் கொடுக்கும். யாப்பைக் களைந்த கவிதைக்கு அக்காவல் இல்லை. கவிதை எது, வரி முறித்த உரைநடை எது எனப் பகுத்துக் காட்டும் பொறுப்பு மதிப்புரையாளரையே சாரும்.

இனி, ஈழத்து நிலை யாது? டொமினிக் ஜீவா 1966 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'மல்லிகை', பின்னர் கொழும்பு ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வெளிவந்து, 2012 வரை ஏறத்தாழ 400 இதழ்களைக் கண்டது. சாதியாலும் வறுமையாலும் ஒடுக்கப்பட்டோர் வாழ்வு சிறுகதைப் பொருளாவதற்கு அது இடமளித்தது; சிங்களச் சிறுகதைகளையும் தமிழில் தந்தது. எழுத்தாளர் படத்தை அட்டையிற் பொறித்து, உள்ளே அவரை அறிமுகஞ் செய்த அதன் வழக்கம் போற்றற்குரியது. தி. ஞானசேகரனின் 'ஞானம்' 2000 இல் தோன்றி, பின்னர் வெள்ளவத்தையிலிருந்தும் வெளிவந்து, அப்பணியைத் தொடர்ந்தது.

ஆயின் அறிமுகம் வேறு, மதிப்பீடு வேறு. நம் சிற்றிதழ்களில் இவ்விரண்டின் எல்லை பலகாலும் மயங்கிக் கிடக்கக் காண்கிறோம். வெளியீட்டு விழாவில் நிகழ்த்திய வாழ்த்துரையே சில வேளைகளில் மதிப்புரையாக அச்சேறுகின்றது. காரணமும் வெளிப்படை. நம் எழுத்துலகம் சிறிது. இன்று குறை கூறுபவர் நாளை நூலாசிரியரோடு ஒரே மேடையில் அமர வேண்டியவர். இத்தாட்சணியத்தால் நட்டமடைபவர் இளைஞரே. தம் கதையின் முடிவு ஏன் பொருந்தவில்லை, தம் கவிதையில் எச்சொல் மிகை என எவரும் கூறாதவிடத்து, அவர் அடுத்த படைப்பிலும் அப்பிழையையே செய்வர்.

எனவே மதிப்புரையாளர் இன்ன வரி, இன்ன பக்கம் எனச் சுட்டிக் குணமுங் குற்றமும் உரைத்தல் வேண்டும். நூலாசிரியர் விடை கூற அடுத்த இதழ் இடமளித்தல் வேண்டும். தடையும் விடையும் நம் மரபுக்குப் புதியன அல்லவே.