காலடியில் ஒரு நாண்

லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தைப் புகழ்வோர் பலரும் அதன் முகப்பிலுள்ள செங்கல் ஓட்டலின் கோபுரங்களோடு நின்றுவிடுகிறார்கள். அறிவின் வேலை அதற்குப் பின்னால், 1868-இல் பொறியாளர் பார்லோ முடித்த இரும்புக் கூரையில் இருக்கிறது.

அகலம் 240 அடி. நடுவில் ஒரு தூண்கூட இல்லை. எந்த வளைவும் தன் எடையால் அடிப்பக்கத்தை வெளியே தள்ளும். வில்லின் இரு நுனிகளையும் நாண் பிடித்திருப்பதுபோல் அதையும் ஏதாவது இழுத்துப் பிடிக்க வேண்டும். இல்லையேல் பருத்த சுவர்கள் வேண்டும். அக்கால நிலையங்கள் பலவற்றில் இந்தக் கட்டுக்கம்பிகள் தலைக்கு மேலே ஓடும். இங்கே எங்கே? பயணிகளின் காலடியில்! கால்வாயைத் தாண்டி வந்த ரயில்பாதை தெருவைவிட உயரத்தில் இருந்ததால், நடைமேடையைத் தூண்கள்மேல் அமைக்க நேர்ந்தது. அந்தத் தளத்தின் இரும்பு உத்திரங்களையே பார்லோ நாணாக்கிவிட்டார். கீழே அன்று பீர்க் கிடங்கு இருந்தது. தூண்களின் இடைவெளிகூடப் பீப்பாய்க் கணக்குத்தான்!

பக்கத்திலேயே, 1852-இல் திறந்த கிங்ஸ் கிராஸ் நிலையத்தைப் பாருங்கள். உள்ளிருக்கும் இரண்டு வளைவுகளும் முகப்பிலேயே தெரிகின்றன. அலங்காரம் குறைவு, ஆனால் நேர்மை உண்டு. கில்பர்ட் ஸ்காட் வரைந்து 1873-இல் திறந்த ஓட்டலோ, பார்லோவின் கூரையை முழுதும் மறைத்து நிற்கிறது. தெருவில் நிற்பவருக்கு உள்ளே அப்படியொரு வளைவு இருப்பதே தெரியாது.