வெள்ளிச் சிமிழ்களும் சேகரிப்பின் அரசியலும்

1

பழம்பொருள் ஏலப் பட்டியலை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம், ஒரு கவிதைக்கோ நாவலுக்கோ நாம் தருகிற அதே கவனத்தோடு. நம்மூர்ச் சாமான் ஒன்று அதில் இடம்பெறும் விதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: பொருள், சுண்ணாம்புப் பெட்டி. உலோகம், வெள்ளி. இடம், தென்னிந்தியா. காலம், 19ஆம் நூற்றாண்டு. பிறகு உயரம், எடை. கடைசியாகக் கைமாறிய வரலாறு. இந்தக் கடைசி வரிதான் முக்கியம். அது வழக்கமாக ‘ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு’ என்று தொடங்கும். அதாவது, ஒரு சேகரிப்பாளர் கைக்கு வந்துசேர்ந்த நாளில்தான் அந்தப் பொருளுக்கு வரலாறே தொடங்குகிறது. அதற்கு முன்னால் அது யார் மடியில் இருந்தது, ஏன் மடியை விட்டுப் போனது என்ற கேள்விகளுக்கு அந்தப் பிரதிக்குள் இடமில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தப் பதிவில் வினைச்சொல்லே கிடையாது. யாரும் செய்யவில்லை, யாரும் விற்கவில்லை. பொருள் தானாகவே ‘தென்னிந்தியா’ என்கிற பெரும்பரப்பில் முளைத்து, தானாகவே கண்ணாடி அலமாரிக்குள் நடந்து போய் உட்கார்ந்துகொள்கிறது.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு பிரதியை வைப்போம். அது அடகுச் சீட்டு. 1943ஆம் ஆண்டின் சென்னை அடகுக்காரர் சட்டம் அடகு பிடிப்பவர் சீட்டு தரவேண்டும், பேரேடு வைக்கவேண்டும் என்று சொல்கிறது. சீட்டில் அடகு வைத்தவர் பெயர் இருக்கும். ஊர், தேதி, கடன்தொகை எல்லாம் இருக்கும். பொருளைப் பற்றி மட்டும் ஒன்றும் இருக்காது. ‘வெள்ளி சாமான் 1, எடை இவ்வளவு’, அவ்வளவுதான். மூடியில் அன்னம் செதுக்கியிருந்தாலென்ன, கொடி ஓடியிருந்தாலென்ன, தராசுக்கு எல்லாம் கிராம்தான்.

ஆக, ஒரே பொருளைப் பற்றி இரண்டு பிரதிகள். ஒன்றுக்கு வேலைப்பாடு தெரியும், ஆள் தெரியாது. இன்னொன்றுக்கு ஆள் தெரியும், வேலைப்பாடு தெரியாது. அதைச் செய்த ஆசாரியின் பெயரோ இரண்டிலுமே இல்லை. சேகரிப்பு என்பதை வெறும் ரசனை சார்ந்த விஷயமாகப் பார்ப்பவர்கள் முதல் பிரதியை மட்டுமே வாசிக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து வாசிக்காமல் நம்முடைய பொருள்சார் பண்பாடு பற்றி எதுவும் பேச முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2

ஓமலூரிலிருந்து மேட்டூர் போகிற சாலையில் இருக்கிறது மேச்சேரி. பத்ரகாளியம்மன் கோயிலாலும் அதன் பெயரையே தாங்கிய ஆட்டினத்தாலும் அறியப்பட்ட ஊர். கறிக்கும் தோலுக்கும் பெயர்போன ஆடு அது. மானாவாரிக் காடு, முள், மேய்ச்சல். இப்படிப்பட்ட நிலத்தில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு எதுவாக இருக்கமுடியும்? நடக்கிற சேமிப்பு ஆடு, முடிந்து வைக்கிற சேமிப்பு வெள்ளி. ஆத்திர அவசரத்துக்கு முதலில் போவது இரண்டில் ஒன்று.

சேகரிப்பாளர்கள் ‘சிறு அலங்காரப் பொருட்கள்’ என்று ஒரே கூடையில் போடுகிறவற்றுக்கு நம்மிடம் தனித்தனிப் பெயர்கள் உண்டு. குங்குமத்துக்குச் சிமிழ். சுண்ணாம்புக்குக் கரண்டகம். வெற்றிலைக்குச் செல்லம். மூக்குப்பொடிக்கு டப்பி. மந்திரத் தகட்டுக்குத் தாயத்துக் கூடு. பெண் குழந்தையின் அரைஞாணில் கோர்க்க அரசிலை. காலில் தைத்ததை எடுக்க முள்வாங்கி, காதுக்குக் குறும்பிவாங்கி. லிங்காயத்துகள் கழுத்தில் இஷ்டலிங்கத்தைச் சுமக்கும் வெள்ளிக் கூடு தனி. அம்மனுக்கு நேர்ந்துகொண்டு செலுத்தும் கண்மலர் தனி. வசதி இல்லாதவனுக்கு முள்வாங்கி இரும்பில், இருக்கிறவனுக்கு வெள்ளியில். முள் மட்டும் இருவருக்கும் ஒன்றுதான்.

இந்தப் பெயர்களைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு வினை இருக்கிறது: வாங்குதல், முடிதல், நேர்தல், பூசுதல். ‘பாக்ஸ்’ என்ற ஒற்றைச் சொல் அத்தனை வினைகளையும் துடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு பொருளிடம் மிஞ்சுவது வடிவம் மட்டும்தான். அதனால்தான் வடிவத்தைப் பற்றி அவ்வளவு பேசுகிறார்கள்.

வெள்ளி யாருக்கு வாய்த்தது என்ற கேள்வியும் இருக்கிறது. தங்கம் லட்சுமி, காலில் படக்கூடாது. ஆகவே கொலுசும் மெட்டியும் வெள்ளியில் என்பது நாமறிந்த மரபு. உலோகங்களின் படிநிலை உடம்பின் மீது அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. இதே படிநிலை சமூகத்தின் மீதும் எழுதப்பட்டது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் இந்தியச் சாதி பற்றிய தன் நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். முதல் தடையே தங்க, வெள்ளி நகைகள் அணியக்கூடாது என்பதுதான். வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது என்பது இன்னொன்று. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன.

இப்போது அந்த ஏலப் பட்டியலுக்குத் திரும்புவோம். ‘தென்னிந்தியா, 19ஆம் நூற்றாண்டு’ என்ற வரியில் வெள்ளிச் சிமிழ் வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். ஆசைப்பட்டும் அணிய விடப்படாதவர்கள் அங்கே இல்லை. அவர்கள் வைத்திருந்த மண்சட்டியை யாரும் ஏலம் விடப்போவதில்லை. சேகரிப்பு, தெரிந்தோ தெரியாமலோ, பழைய தடையுத்தரவையே அலமாரி ஒழுங்காக மறுபடி அடுக்கிவைக்கிறது.

3

வால்டர் பெஞ்சமின் சேகரிப்பாளனைப் பற்றி அன்போடு எழுதியவர். பயன்பட்டாக வேண்டும் என்ற அடிமைத்தனத்திலிருந்து பொருட்களை விடுவிப்பவனாக 1930களில் அவனை அவர் கண்டார். பண்டமயமாகிவிட்ட பாரிஸ் நகரத்துக்கு இது பொருந்தலாம். மேச்சேரிக்குக் கொண்டுவந்தால் உதைக்கிறது. இங்கே பொருளின் பயன் என்பது விலங்கு அல்ல. காட்டின் மீதும் வீட்டின் மீதும் தன் பெயர் இல்லாத பெண்ணுக்கு, தன் கையால் எடுத்து வைக்கவும் மீட்கவும் முடிகிற ஒரே உடைமையாக அந்தச் சிமிழ் இருந்திருக்கலாம். பயனிலிருந்து பொருளுக்கு விடுதலை கிடைத்த நாள்தான் அவள் கடனில் மாட்டிய நாளாக இருக்கும்.

கெடுவுக்குள் மீட்கப்படாத அடகை நம் ஜனங்கள் ‘மூழ்கிப் போச்சு’ என்கிறார்கள். மேட்டூர்ப் பக்கத்தில் இந்தச் சொல்லுக்குக் கூடுதல் அர்த்தம் உண்டு. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அணைக்காகக் காவிரிக்கரை ஊர்கள் மூழ்கின. நீர் வற்றும்போதெல்லாம் பண்ணவாடியில் தலைகாட்டும் நந்தியைப் படம் எடுத்துப் போடுகிறோம். சட்டி பெட்டியோடு மேடேறிய குடும்பங்களின் சிறு உடைமைகள் எந்தக் கடையில் மூழ்கின என்பதற்குப் படம் கிடையாது.

‘நாங்கள் எடுக்காவிட்டால் உருக்கியிருப்பார்கள்’ என்பது சேகரிப்பாளர் தரப்பின் வலுவான வாதம். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளுக்கு வந்துசேரும் பழைய வெள்ளி பெரும்பாலும் போகும் இடம் மூசைதான். உருகி, கட்டியாகி, கம்பியாக இழுபட்டு, சேலத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் பற்றவைக்கப்பட்டு, மெருகேறி, கொலுசாகி வெளியூர்களுக்குப் போகிறது. விலை ஏறினால் உருக்கும் வேகமும் ஏறும். 1980 ஜனவரியில் அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்து விலையை அவுன்சுக்கு 50 டாலர் வரை ஏற்றியபோது மேலை நாடுகளிலும் குடும்பச் சொத்தான தேநீர்க் குடங்களும் தட்டுகளும் உலைக்குப் போயின. 2025இல் வெள்ளி விலை ஒரே ஆண்டில் இரட்டிப்பையும் தாண்டியபோது, நம்மூர் மரப்பெட்டிகளில் மிச்சமிருந்த சிமிழ்களுக்கும் அதே வழிதான் திறந்தது.

ஆனால் உருக்குவது என்றாலே அழிவுதானா? தாயின் தண்டையை அழித்து மகளுக்குக் கொலுசு செய்வது நம் வீடுகளில் காலங்காலமாக நடப்பது. அங்கே வடிவம் போகிறது, உரிமை தொடர்கிறது. அடகில் மூழ்கி உருகும்போது இரண்டும் போகின்றன. சேகரிப்பாளர் வாங்கும்போது வடிவம் தங்குகிறது, உரிமை போகிறது. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, ‘காப்பாற்றினேன்’ என்ற ஒற்றைக் கதையாடலை நம்மிடம் நீட்டுகிறார்கள். எதை, யாரிடமிருந்து, யாருக்காகக் காப்பாற்றினீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

4

செய்தவன் பெயர் பற்றிய பிரச்சினைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த பி. ஓர் அண்டு சன்ஸ் கம்பெனி ‘ஸ்வாமி வேலைப்பாடு’ என்ற பாணிக்குப் பேர்போனது. தேநீர்க் குடத்திலும் விசிட்டிங் கார்டு பெட்டியிலும் இந்துக் கடவுளர் உருவங்களைப் புடைப்பாக அடித்து ஐரோப்பியர்களுக்கு விற்றார்கள். அடியில் கம்பெனி முத்திரை இருக்கும். இன்றைக்கு ஏலத்தில் அந்த முத்திரைக்கும் சேர்த்துத்தான் விலை. சுத்தியல் பிடித்த கைக்கு முத்திரை இல்லை.

ஆனந்த குமாரசுவாமி 1909இல் இந்தியக் கைவினைஞனைப் பற்றி எழுதியபோது கிராம அமைப்புக்குள் பாதுகாப்பாக, தன்முனைப்பில்லாமல் வேலை செய்பவனாக அவனைச் சித்திரித்தார். காலனியத் தொழில்மயத்துக்கு எதிரான குரல் என்ற வகையில் அதற்கொரு நியாயம் இருந்தது. ஆனால் பெயரின்மையை ஆன்மிகப் பண்பாக உயர்த்திவிட்டால் அதன் பலன் யாருக்குப் போகிறது? ‘மரபுக் கலைஞர், பெயர் அறியப்படவில்லை’ என்று எழுதுகிற கைக்கு அது வசதி. ஆசாரிக்குப் பெயர் இருந்தது; வாடிக்கை வீடுகளுக்கு அது தெரிந்தும் இருந்தது. சாமானை வாங்கிப் போனவர் அதைக் கேட்கவில்லை.

இதற்கு அருங்காட்சியகமும் விதிவிலக்கல்ல. சென்னை அருங்காட்சியகத்தை 1885 முதல் 1908 வரை நிர்வகித்த எட்கர் தர்ஸ்டன் மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார், அவர்களுடைய பொருட்களையும் திரட்டினார். மனிதர் ‘சாதி மாதிரி’ ஆனார், பொருள் ‘இனவரைவு மாதிரி’ ஆனது. இரண்டுக்கும் தனிப்பெயர் தேவைப்படவில்லை. நம்முடைய 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டமும் பொதுவாக நூறாண்டு பழமை உண்டா என்று பார்க்கிறது, அரசின் அனுமதியின்றி நாடு கடத்துவதைத் தடுக்கிறது. அது தேவைதான். ஆனால் நாட்டின் எல்லை தாண்டுவதே சட்டத்தின் முதன்மைக் கவலை. வீட்டின் வாசல் தாண்டியதெப்படி என்று அது கேட்பதில்லை.

5

அப்படியென்றால் சேகரிக்கவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. கணிதவியலாளர் சாமுவேல் ஐலன்பெர்க் தேடிச் சேர்த்த பாக்குவெட்டிகளைப் பற்றி ஹென்றி பிரௌன்ரிக் 1992இல் எழுதி வெளியிட்டது ஒரு முழுப் புத்தகம். நம்மில் எத்தனை பேர் பாக்குவெட்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறோம்? உழைக்கும் மக்களின் பண்பாடு என்று மேடையில் பேசுகிற நாம் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஆவணமாக ஏற்றுக்கொள்கிறோம், அரைஞாண் அரசிலையை ஏற்றுக்கொள்வதில்லை. இந்த இடைவெளியில்தான் வியாபாரி நுழைகிறான்.

ஆகவே கேள்வி சேகரிப்பதா வேண்டாமா என்பதல்ல, எதையெல்லாம் சேர்த்துச் சேகரிப்பது என்பதே. பொருளோடு அதன் உள்ளூர்ப் பெயரையும் எடுக்க வேண்டும். எந்த ஊரில், எந்தச் சூழலில் வாங்கியது, விற்றவர் என்ன காரணம் சொன்னார், செய்தது எந்த ஆசாரி வீடு என்று கேட்டு எழுத வேண்டும். விற்றவரின் பெயரைப் போடுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அச்சேற்றினால் விற்ற விலையையும் போடவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்குச் சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். வாங்கிய விலைக்கும் ஏல விலைக்கும் நடுவிலிருக்கும் தூரம் அச்சில் தெரிந்துவிட்டால் ‘காப்பாற்றினேன்’ என்ற சொல் அப்புறம் அவ்வளவு சுலபமாக வாயில் வராது.

இது அவசரமான வேலையும்கூட. வெள்ளி நகை மீதும் கடன் தருவதற்கான விதிமுறைகளை ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1க்குள் நடைமுறைக்கு வரவேண்டும் என்பது ஏற்பாடு. அடகுக்கடைப் பேரேட்டுக்குப் பக்கத்தில் இனி வங்கியின் கணினியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கும் தெரியப்போவது எடையும் தரமும்தான். கொலுசுப் பட்டறைகளில் கரிப்புகைக்கு நடுவே உட்கார்ந்து பற்றவைக்கிற பெண்களும் ஆண்களும் பழைய வெள்ளியைத் தினமும் கையில் வாங்குகிறவர்கள். மூசைக்குள் போவதற்கு முன்னால் அந்தச் சாமானைக் கடைசியாகப் பார்க்கும் கண்கள் அவர்களுடையவைதான். இது இன்ன வேலை, இன்ன பக்கத்துச் சாமான் என்று சொல்லத் தெரிந்தவர்களும் அவர்களிடையே இருக்கிறார்கள். சேலம் பக்கத்து நண்பர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அங்கே போய் உட்காரலாம். நாலு மாதம் உட்கார்ந்தால் எந்த ஏலப் பட்டியலிலும் இல்லாத ஒரு பட்டியல் கிடைக்கும்.